கிழங்கு வடித்த தண்ணீர்

முப்பிடாதி மதினியைப் பற்றி எங்கள் பக்கத்தில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். அடுக்களைக் காரியத்தில் அவளை மிஞ்சத் தென்காசியில் ஆள் கிடையாது என்பது ஒரு பேச்சு. ஒரு பிள்ளையின் சாவுக்குக் காரணமாகி, அந்த ஏக்கத்திலேயே புத்தி பேதலித்துச் சந்தையே கதியென்று கிடந்து செத்தாள் என்பது இன்னொரு பேச்சு. முதலாவது சத்தியம். இரண்டாவதைக் கிளப்பிவிட்டவள் நான். செத்த பிள்ளை என்னுடையது என்பதால் நான் சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் குறுக்குக் கேள்வி கேட்க யாருக்கு வாய் வரும்?

மதினி போய் இரண்டு மாதம் ஆகிறது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் புருஷன் சுந்தரபாண்டியன் பட்டாளத்தில் இருந்தபோது அவருக்குக் கடிதம் எழுதி எழுதித்தான் என் கை கொஞ்சம் திருந்தியது. அந்தக் கையால் தெரிந்த மட்டும் எழுதுகிறேன். பொய்யை வாயால் சொல்லிப் பரப்பினேன். நிஜத்தை எழுதியாவது வைக்க வேண்டும்.

முழுப்பெயர் முப்பிடாதியம்மாள். ஊர் வாசுதேவநல்லூர். என் பெரியப்பா மகன் வல்லிநாயகம் அண்ணனுக்கு வாக்கப்பட்டுத் தென்காசிக்கு வந்தாள். கல்யாணமான நாலாம் வருஷம் அண்ணன் மலைக்காய்ச்சலில் போய்விட்டான். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, பிள்ளையும் இல்லை. அவளை அழைத்துப் போக அவளுடைய அண்ணன் வண்டி பூட்டிக்கொண்டு வந்தார். அவள் மாட்டேன் என்று விட்டாள். "அங்கன வந்தா அடுத்தவ அடுப்புல்லா? இங்கன இருந்தா எனக்குன்னு ஒரு அடுப்பு இருக்கும். நீங்க போங்கண்ணே" என்றாளாம். வளவில் கடைசி வீடு அவளுடையது. ஆறு வீட்டுக்கும் ஒரே கிணறு, ஒரே வாசல். கல்யாணமாகி நான் அந்த வளவுக்கே குடிவந்தபோது அவள் வீட்டுக்கு எதிர்வீடு எனக்கு அமைந்தது.

வருஷத்தில் மூன்று மாதம் அவள் குற்றாலத்தில் இருப்பாள். ஆனியில் சாரல் தொடங்கிவிட்டால் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வக்கீல் குடும்பங்களும் மிராசுதார் குடும்பங்களும் அருவியில் குளிக்க வந்து பங்களாக்களில் தங்கும். அப்படி ஒரு பங்களாவில் அவளுக்குச் சமையல் வேலை. அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு எப்படிப் பசிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இருபது பேருக்கு வடித்தது பத்துப் பேருக்குக் காணாது. மற்ற மாதங்களில் நாலு வீட்டுக்கு நெல் குத்துவாள், கல்யாண வீடுகளில் கூடமாட நிற்பாள்.

சாரல் காலத்தில் குற்றாலத்தில் சமைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். விறகு ஈரம், தீப்பெட்டி ஈரம், உப்பு ஜாடியைத் திறந்தால் பாதி தண்ணீர். மதினி அடுப்புக்கு மேலே கயிற்றில் ஒரு மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டு நாளைக்கு எரிக்க வேண்டிய விறகை இன்றைக்கே அதில் அடுக்கிவிடுவாள். இன்றைய சூட்டில் நாளைய விறகு காயும். உப்பு ஜாடியில் ஒரு பிடி அரிசியை வறுத்துப் போட்டு வைப்பாள். தீப்பெட்டி எப்போதும் பருப்புப் பானைக்குள் பத்திரமாக இருக்கும். பங்களாக்காரர்கள் இதையெல்லாம் பார்த்து வாயைப் பிளப்பார்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கொஞ்சம் பெருமைக்காரிதான்.

நான் குடிவந்த புதிதில் ஒருநாள் என் புருஷனின் மாமா கடையநல்லூரிலிருந்து விருந்துக்கு வந்துவிட்டார். பதற்றத்தில் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தேன். மதினி உள்ளே வந்து ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தாள். அரிசி மாவைப் பிசைந்து நாலு உருண்டை பிடித்துக் குழம்பில் போட்டு, இரண்டு கொதி வந்ததும் உருண்டைகளை அகப்பையால் அரித்து எடுத்தாள். உப்பு மட்டுக்கு வந்திருந்தது. "பதறாதட்டி. அடுப்புல கெட்டதை அடுப்புலயே சரிபண்ணிரலாம்" என்றாள். மாமா மூன்று தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

அதற்குப் பிறகு வளவில் எது கெட்டாலும் மதினியைத்தான் கூப்பிடுவோம். பருப்பு வேகாமல் அடம்பிடித்தால் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடச் சொல்வாள். உறைமோர் இல்லாமல் போனால் நாலு பச்சைமிளகாய்க் காம்பைக் கிள்ளி இளஞ்சூட்டுப் பாலில் போடச் சொல்வாள், மறுநாள் தயிர் நிற்கும். சோறு அடிப்பிடித்தால் கிண்டக் கூடாது, மேல் சோற்றை வேறு பானைக்கு மாற்றி, உள்ளி வெங்காயத்தை இரண்டாக நறுக்கி அதன் மேல் வைத்து மூடினால் தீய்ந்த வாடை போய்விடும். சேனைக்கிழங்கு நறுக்கிக் கை அரித்தால் புளித்தண்ணீர். மாவு சீக்கிரம் புளிக்காமலிருக்கக் காம்போடு ஒரு வெற்றிலை. கேட்கக் கேட்கச் சொல்வாள். கேட்காமலும் சொல்வாள். சில நாள் எனக்கே எரிச்சலாக வரும். அடுப்பில் நான் எதை வைத்தாலும் எதிர்வீட்டிலிருந்து மூக்கை உறிஞ்சியே கண்டுபிடித்து, "ஏட்டி ரெங்கம்மா, கடுகு கருகுதுட்டி" என்பாள்.

அவளிடம் இரண்டு காரியம் முக்கியம். அந்த இரண்டிலும்தான் என் தலையெழுத்து இருந்தது.

ஒன்று, எதையும் கொட்டக் கூடாது. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். பரங்கிக்காய்க் குடலும் துவையலாகும். அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு. சோறு வடித்த கஞ்சி பிள்ளைகளுக்கு, மிஞ்சினால் சேலைக்குப் போட. வடித்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுகிறவளைக் கண்டால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். "சத்து பூராவும் அதுலதானட்டி இறங்கிருக்கு" என்பாள். அவள் மட்டும் இல்லை, எங்கள் பக்கம் நெல்லுச்சோறு தின்கிற எல்லோருக்கும் அதுதான் புத்தி. பானையிலிருந்து வடிப்பது என்றால் பத்திரப்படுத்துவது என்றுதான் எங்கள் கைக்குத் தெரியும்.

இன்னொன்று, கசப்பு. பாகற்காய் வைக்கும்போது ஒரு கிள்ளு கருப்பட்டி போடச் சொல்வாள். "கசப்பை எடுக்க முடியாது. நாக்கை ஏமாத்திரலாம்" என்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் எனக்கு இசக்கி பிறந்தாள். பெற்றது நான், வளர்த்தது பாதிக்குமேல் மதினி. எனக்குப் பால் போதவில்லை. குழந்தைக்குக் கேழ்வரகை ஊறவைத்து அரைத்துத் துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் கொடுத்தவள் அவள். பிள்ளை நடக்கத் தொடங்கியதும் நேரே எதிர்வீட்டுக்குத்தான் நடந்தாள். பேசத் தொடங்கியதும் முதலில் "அத்த" என்றாள், பிறகுதான் "அம்மா". ஒரு சாரல் முடிந்து வரும்போது மதினி குற்றாலத்துக் கடையில் ஒரு சின்ன வெண்கலக் கிண்ணி வாங்கி வந்தாள். அதில் கொடுத்தால்தான் பிள்ளை எதையும் குடிப்பாள். என்மேல் கோபம் வந்தால் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, "அத்தகிட்ட சொல்லிருவேன்" என்பாள். சொல்லவும் செய்வாள். மதினி வந்து என்னைத் திட்டிவிட்டுப் போவாள்.

நாற்பத்தொன்றில் என் புருஷன் பட்டாளத்தில் சேர்ந்தார். மறுவருஷம் பர்மா அரிசி வருவது நின்றது. அதற்கு அடுத்த வருஷம் அரிசிக்குப் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வயல் வைத்திருந்தவர்கள் வீட்டிலேயே ஒரு வேளைதான் சோறு. அப்போதுதான் மரச்சீனிக் கிழங்கு, மரவள்ளி என்பார்களே அது, எங்கள் அடுக்களைக்குள் வந்தது. அதற்கு முன் அதைத் தின்பண்டமாக எப்போதாவது சுட்டுத் தின்றதோடு சரி. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்ச் சீமை. புளியரைப் பக்கம் மலைச்சரிவில் விளைந்த கிழங்கைப் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்து தென்காசிச் சந்தையில் விற்பார்கள். அவர்கள் ஊரில் அதுவே சோறு. "வேகவெச்சு வடிச்சுத் தின்னுங்கோ" என்று மட்டும் சொல்வார்கள். வடித்த தண்ணீர் ஆகாது என்று அவர்கள் யாரும் எங்களிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்காது. அந்தத் தண்ணீரை ஒருத்தி குடிக்க எடுத்து வைப்பாள் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நாங்கள் எடுத்து வைத்தோம். மதினிதான் முதலில் செய்து காட்டினாள். கிழங்கை வேகவைத்து வடித்த தண்ணீரில் உப்பும் இரண்டு உள்ளியும் போட்டு, "கஞ்சி கணக்கா கொழகொழன்னு இருக்கு பாத்தியா. பிள்ளைக்குக் குடு, வயிறு நிறையும்" என்றாள். சித்திரையிலிருந்து ஆனி வரை வளவில் எல்லாப் பிள்ளைகளும் அதைக் குடித்தன. ஒன்றும் ஆகவில்லை. வந்ததெல்லாம் நல்ல கிழங்கு. ஆனி பிறந்ததும் அவள் குற்றாலத்துக்குப் போய்விட்டாள்.

ஆடி மாதம், நாலைந்து நாளாகச் சாரல் விடவில்லை. சந்தைக்கு மலைக்காரி ஒருத்திதான் வந்திருந்தாள். வளவில் மற்றவர்கள் மழைக்குப் பயந்து போகவில்லை. நான் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய் அவளிடம் கிழங்கு வாங்கி வந்தேன். மறுநாள் காலையில் வேகவைத்தேன். மழைத்தண்ணீர் விழாமல் இருக்கப் பானையை மூடியே வைத்தேன். வடித்த தண்ணீரைக் கிண்ணியில் ஊற்றி, உப்பும் உள்ளியும் போட்டுக் கொடுத்தேன். இசக்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "கசக்குதும்மா" என்றாள்.

நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். லேசாகக் கசந்தது. ஈர விறகின் புகை ஏறியிருக்கும் என்று நினைத்தேன். வீட்டில் கொடுக்க வேறு என்ன இருந்தது? முதல்நாளும் பிள்ளை சரியாகத் தின்னவில்லை. கிண்ணியில் இருந்ததைக் கொட்டிவிட்டு உப்புப் போடாத தண்ணீரைத் திரும்ப ஊற்றி, ஒரு கிள்ளு இல்லை, ஒரு துண்டு கருப்பட்டியே போட்டுக் கலக்கினேன். நாக்கை ஏமாற்றினேன். அவள் இன்னும் முகத்தைச் சுளித்தாள். நாடியைப் பிடித்துக்கொண்டு முழுக்கக் குடிக்க வைத்தேன். முதுகில் ஒன்று வைக்கவும் செய்தேன். "அத்த வரட்டும், சொல்லிருவேன்" என்றாள். "சொல்லு போ" என்றேன்.

அதுதான் நாங்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு. ஒரு நாழிகைக்குள் வாந்தி எடுத்தாள். பிறகு தூக்கம் தூக்கமாகத் தலை சாய்ந்தது. மூச்சு இழுத்தது. நானும் அந்தக் கிழங்கைத்தான் தின்றிருந்தேன். எனக்கும் தலை சுற்றியது. சுற்றின தலையோடு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஓடினேன். கோயிலின் மொட்டைக் கோபுரத்தைத் தாண்டும்போது தோளில் கனம் மாறியது. பெற்றவளுக்கு அது தெரியும். தெரிந்தும் ஆஸ்பத்திரி வரை ஓடினேன்.

அங்கே கம்பவுண்டர் சிவசைலம் என்று ஒரு பெரியவர். மலைக்கு அந்தப் பக்கம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காட்டோரம் பன்னி தோண்டாம இருக்கக் கசப்புக் கிழங்கு நடுவாங்கம்மா. அதை மூடாம வேகவச்சு, தண்ணியை ரெண்டு தடவை கொட்டணும். அந்தத் தண்ணியைக் குடிச்சா மாடே நிக்காது. யாரும்மா உனக்கு அதைக் குடுக்கச் சொன்னது?" என்றார்.

"நானாத்தான் குடுத்தேன்" என்றேன். அப்போது மட்டும் உண்மை வாயில் வந்தது.

வளவில் எல்லோரிடமும் விஷக்காய்ச்சல் என்று சொன்னேன். பட்டாளத்தில் இருந்த என் புருஷனுக்கும் அப்படியே எழுதினேன். வேறென்ன சொல்ல? கசக்குது என்ற பிள்ளையின் வாயில் என் கையாலேயே ஊற்றினேன் என்று எந்தத் தாய் சொல்வாள்?

குற்றாலத்துக்கு ஆள் போய்ச் சொல்லி, மறுநாள் காலையில் மதினி வந்தாள். மூன்று மைலையும் சாரலில் நடந்தே வந்திருந்தாள். பிள்ளையை அடக்கம் செய்துவிட்டோம் என்று தெரிந்ததும் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து, சேலையைச் செருகிக்கொண்டு என் வீட்டுக்குள் போனாள். முந்தினநாள் போட்டது போட்டபடி கிடந்த பானை, சட்டி, கிண்ணி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்க் கிணற்றடியில் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தாள். கிண்ணியை மட்டும் வெகுநேரம் தேய்த்தாள். பிள்ளை நினைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பங்களா வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எனக்காகவே வளவில் தங்கினாள். பத்து நாள் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். அந்தச் சோற்றுக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் ஒரு வாய் தின்று நான் பார்க்கவில்லை. ஊட்டும்போதெல்லாம் தொண்டைவரை உண்மை வரும். சோற்றோடு சேர்த்து விழுங்குவேன்.

பதினோராம் நாள் காலையில் பக்கத்து வீட்டு முருகம்மாளின் இரண்டு வயதுப் பெண்ணுக்கு வயிற்றுப்போக்கு. முதல்நாள்தான் மழை வெறித்து, முருகம்மாள் சந்தைக்குப் போய்க் கிழங்கு வாங்கி வந்திருந்தாள். நான் வாசலுக்கு வந்தபோது மதினி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஆவி பறக்கும் டம்ளரை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி அது?" என்றேன்.

"கிழங்கு வடிச்ச தண்ணிதான். பிள்ளைக்குத் தெம்பு வேணும்லா" என்றாள்.

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியவில்லை. டம்ளரைத் தட்டிவிட்டேன். அவள் பக்கத்தில் இருந்த பானையை உதைத்தேன். சுடுதண்ணீர் மதினியின் காலில் கொட்டியது. "குடுக்காதே! எம்பிள்ளையைக் கொன்னது பத்தாதா? விஷக்காய்ச்சலும் இல்லை, ஒண்ணும் இல்லை. அந்தத் தண்ணிதான் அவளைக் கொன்னுச்சு. கம்பவுண்டர் சொன்னார். நீதானே குடுக்கச் சொன்னே? எல்லாருக்கும் புத்தி சொல்ல வந்த மகராசி!" என்று கத்தினேன். ஆறு வீட்டுப் பெண்களும் வெளியே வந்துவிட்டார்கள்.

முருகம்மாளின் பிள்ளை பிழைத்தது. அதை நான் எனக்குப் புண்ணியமாகச் சொல்லவில்லை. முதல்நாளே வளவில் சொல்லியிருக்க வேண்டியதைப் பத்து நாள் மறைத்தவள் நான்.

மதினி வெந்த காலைக்கூடப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பிள்ளையை மெல்ல இறக்கி முருகம்மாளிடம் கொடுத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கசந்துச்சா ரெங்கம்மா? பிள்ளை ஏதும் சொன்னாளா?"

ஆறு வீடும் என் வாயைப் பார்த்தது. "இல்லை" என்றேன். "ஒண்ணும் சொல்லலை. நீ சொன்னதை நம்பிக் குடுத்தேன். குடிச்சா, செத்தா."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். செய்த பாவம் தாங்காமல் நிற்கிறாள் என்று வளவில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. பிறகு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் யாருக்கும் அடுக்களைப் பக்குவம் சொன்னதில்லை. குற்றாலத்துப் பங்களாவிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து கூப்பிட்டது, போகவில்லை. நெல் குத்திக் கிடைத்ததில் கஞ்சி குடித்தாள். சந்தை நாளில் மட்டும் விடிந்ததும் போய்விடுவாள். கிழங்குக் கூடைக்காரிகளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வாங்குகிற ஒவ்வொருவரிடமும் சொல்வாள். "வீட்டுல சின்னப்பிள்ளை இருக்கா தாயி? மூடி போடாம வேகவைங்க. தண்ணியைக் கொட்டிருங்க. மாட்டுக்கும் வைக்காதீங்க." எதையும் கொட்டாதே என்று ஊருக்கே சொன்னவள் கொட்டு கொட்டு என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடைக்காரிகள் முதலில் விரட்டினார்கள். புளியங்குடி எலுமிச்சை வியாபாரி பரீது ராவுத்தர்தான் தன் மூட்டைகளுக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டார். பிறகு கூடைக்காரிகளுக்கும் பழகிவிட்டது. சின்னப் பையன்கள் "தண்ணியைக் கொட்டு" என்றே அவளுக்குப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். வெயில், மழை, ஒரு சந்தை தப்பியதில்லை. ஐந்து வருஷம்.

அந்த ஐந்து வருஷமும் எதிர்வீட்டில் இருந்துகொண்டு நான் அவளோடு பேசவில்லை. கிணற்றடியில் அவள் இருந்தால் நான் திரும்பிவிடுவேன். யுத்தம் முடிந்து அவர் வந்தார். எனக்கு ஒரு பையன் பிறந்தான். பிள்ளைச்சத்தம் கேட்டால் அவள் ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். அவள் கண்ணில் புரை விழுந்து, சுவரைத் தடவித் தடவி நடப்பதை நான் பார்த்தேன். ஆனாலும் போகவில்லை. கோபம் என்று ஊர் நினைத்தது. பயம் என்று எனக்கு மட்டும் தெரியும்.

போன ஐப்பசியில் ஒருநாள் முருகம்மாள் கிணற்றடியில், "அந்தப் பொம்பளைக்கு நாலு நாளாக் காய்ச்சல். கண்ணும் சுத்தமாத் தெரியலை. இன்னைக்கும் சந்தைக்குப் போயிட்டா பாத்துக்கோ" என்றாள். அதற்குமேல் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. பையனை முருகம்மாளிடம் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போனேன்.

கூடைக்குப் பக்கத்தில் கோணிச்சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் பாதியாகியிருந்தாள். காலில் சுடுதண்ணீர்த் தழும்பு வெளுத்துக் கிடந்தது. நான் முன்னால் போய் நின்றதும் வாங்க வந்த ஆள் என்று நினைத்துத் தலையைத் தூக்கினாள்.

"வீட்டுல சின்னப்பிள்ளை இருக்கா தாயி?"

"ம்" என்றேன்.

"மூடாம வேகவைங்க. தண்ணியைக் கொட்டிருங்க. பிள்ளை கசக்குன்னு சொன்னா துப்பச் சொல்லிருங்க. வெல்லம், கருப்பட்டின்னு போட்டு நாக்கை ஏமாத்திராதீங்க" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அவள் முன்னால் அப்படியே உட்கார்ந்தேன். "மதினி" என்றேன். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை.

அவள் கை காற்றில் துழாவி என் தோளைப் பிடித்தது. "ரெங்கம்மாவா?"

"அவ கசக்குதுன்னு சொன்னா மதினி. நான்தான் கருப்பட்டியைப் போட்டு, அடிச்சுக் குடிக்க வச்சேன். அன்னைக்கு வளவுல எல்லாரு முன்னாடியும் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்ட்டி" என்றாள். குரலில் கோபம் இல்லை. "கிண்ணியை நான்தானே தேய்ச்சேன். அடியில கருப்பட்டி ஒட்டிக் கிடந்துச்சு. உப்புப் போடுற கிண்ணியில கருப்பட்டி எதுக்குன்னு அன்னைக்கு விளங்கலை. நீ வந்து கத்தினதும் விளங்கிட்டு."

"பின்னே ஏன் சொல்லலை? அத்தனை பேரும் உன்னைத் தூத்தும்போது ஏன் வாயை மூடிட்டு நின்னே?"

"தண்ணியைக் குடுக்கச் சொன்னதும் நான், கருப்பட்டி போடச் சொல்லிக் குடுத்ததும் நான். இதுல உன்னை எங்கனட்டி மாட்டிவிட?" என்றாள். என் முகத்தைத் தடவிப் பார்த்தாள். "நீ பெத்தவ. உன்னால அதைச் சுமக்க முடியாது. எனக்கு என்ன, பிள்ளையா குட்டியா."

அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். சந்தை பார்த்தது, பார்க்கட்டும் என்று அழுதேன். "வளவுக்கு வா மதினி, என் வீட்டுல இரு" என்றேன். "இந்தக் கூடை தீரட்டும்" என்றாள். யாரோ கிழங்கு வாங்க வந்தார்கள். என்னை மெல்ல நகர்த்திவிட்டு, குரல் வந்த பக்கம் திரும்பி, "வீட்டுல சின்னப்பிள்ளை இருக்கா தாயி?" என்று கேட்டாள்.

அன்று அவளைக் கைப்பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பன்னிரண்டு நாள் இருந்தாள். நான் பிசைந்து ஊட்டினேன். என் பையனை மடியில் போட்டுக்கொண்டு அவன் வாயை மோந்து மோந்து பார்ப்பாள். பதின்மூன்றாம் நாள் காலையில், நான் அடுப்பில் கஞ்சி வைத்துவிட்டு வருவதற்குள் அவள் உயிர் போய்விட்டது. அடுப்பில் கெட்டதை அடுப்பிலேயே சரிபண்ணலாம் என்று அவள் சொன்னது எனக்கு மட்டும் பலிக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கிணற்றடியில் ஆறு வீட்டுப் பெண்களும் இருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். கருப்பட்டி, அடி, பொய், எல்லாம். முருகம்மாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். எனக்கு அது போதாது, இன்னும் வேண்டும்.

கிண்ணி இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதில் நான் யாருக்கும் எதையும் ஊற்றுவதில்லை. அத்தை வரட்டும், சொல்லிவிடுவேன் என்றாள் என் பிள்ளை. செத்த பிறகும் இந்தக் கிண்ணியை வைத்தே சொல்லிவிட்டாள். கேட்டவள்தான் என்னைத் திட்டவில்லை.